சோள வயலில் புதைக்கப்பட்டவர்கள்: ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் நமக்குச் சொல்வது



உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெரிய கட்டுமான வேலை ஏதாவது நடந்தால் அதன் வாசலில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற பலகை ஆளுயரத்துக்கு இருக்கும். உள்ளே போகிறவர்களின் தலைக்கவச நிறத்தை வைத்தே யார் என்ஜினியர், யார் மேற்பார்வையாளர், யார் கூலி என்று சொல்லிவிடலாம். கல் அறுக்கும் இடத்திலும் சுவர் தேய்க்கும் இடத்திலும் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெள்ளையாகப் பூத்து நிற்பவர்களையும் பார்ப்பீர்கள். அந்தப் பலகை அவர்களுக்காகவும் எழுதப்பட்டதுதானா?

இந்தக் கேள்விக்கான பழைய பதில் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், காலி பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு அருகில் 1930-31இல் தோண்டப்பட்ட ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம். அமெரிக்கத் தொழில்துறை வரலாற்றின் மிக மோசமான படுகொலைகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். நம் இளைஞர்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சுரங்கத்தின் பின்னால் இருந்த கம்பெனியின் பெயர் நமக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மலைக்குள் ஒரு ஆறு

நியூ ரிவர் என்ற ஆற்றை அணை கட்டித் தடுத்து, காலி மலையைக் குடைந்து சுமார் 5 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே தண்ணீரைக் கொண்டுபோய், கீழே விழ வைத்து மின்சாரம் எடுப்பது திட்டம். அந்த மின்சாரம் பக்கத்தில் இருந்த உலோகக் கலவைத் தொழிற்சாலைக்கு. இதற்காகவே 1927இல் நியூ கனாவா பவர் கம்பெனி என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தோண்டும் வேலை ரைன்ஹார்ட் அண்ட் டென்னிஸ் என்ற ஒப்பந்ததாரருக்குப் போனது.

முதலாளி ஒருவர், அவர் பெயரில் ஒரு துணை நிறுவனம், அதற்குக் கீழே ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள். நமக்குப் பழகிய ஏணிதான். பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த படியில் நிற்பவரைக் கை காட்டலாம்.

1930 மார்ச் இறுதியில் வேலை தொடங்கியது. பங்குச் சந்தை சரிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நாடெங்கும் வேலையில்லை. ஒரு நாள் கூலிக்காக எதையும் செய்யத் தயாராக இருந்த மனிதர்கள் தெற்கு மாநிலங்களிலிருந்து ரயில் ஏறி வந்தார்கள். மொத்தத் திட்டத்தில் சுமார் 5,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். இறங்கியவர்களில் முக்கால் பங்கு, வெளியூரிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

இந்த விகிதம் தற்செயலானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளூர்க்காரர் என்றால் கேட்க ஒரு குடும்பம் இருக்கும், பேச ஒரு ஊர் இருக்கும். வெளியூர்க் கறுப்பினத்தவருக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. அவர்களுக்குத் தனி முகாம், நெருக்கமான கொட்டகைகள், குறைந்த வசதி. வெடி வைத்த பிறகு புகையும் தூசியும் அடங்குமுன் உள்ளே விரட்டப்பட்டதாகவும், உடம்பு முடியாதவர்களைக் கொட்டகையிலிருந்து அடித்து எழுப்பி வேலைக்கு ஓட்டியதாகவும் பின்னாளில் விசாரணையில் பலர் சாட்சி சொன்னார்கள்.

தூசிக்குள் இருந்தது என்ன?

அந்த மலை மணற்கல். அதில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல், சில இடங்களில் கிட்டத்தட்ட முழுவதுமே சிலிக்கா. தொழிற்சாலைக்கு அது மூலப்பொருளாகவும் பயன்பட்டது. தோண்டிய கல்லை எடுத்துப்போய்ச் சேமித்து வைத்தார்கள். அதாவது இங்கே என்ன கல் இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியும். விலைபோகும் சரக்காகத் தெரிந்த அதே கல், மூச்சில் போகும் நஞ்சாக மட்டும் தெரியாமல் போனதா?

சிலிக்காத் தூசியில் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். அதை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அதை விழுங்க வரும் பாதுகாப்பு அணுக்கள் செத்துப்போகின்றன. அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு பரவப் பரவ நுரையீரல் விரியும் தன்மையை இழக்கிறது. ஆள் உட்கார்ந்த இடத்தில் மூச்சுக்குத் திணறுவார். காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். இதுதான் சிலிக்கோசிஸ். விழுந்த தழும்பை ஆற்ற இன்றுவரை மருந்து கிடையாது. சாதாரணமாக இந்த நோய் வெளியே தெரிய பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஹாக்ஸ் நெஸ்டில் சில மாதங்கள் வேலை செய்தவர்களே ஓரிரு ஆண்டுகளில் செத்தார்கள். தூசி அவ்வளவு அடர்த்தி.

‘அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் தெரியும். 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூலிலேயே, கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களைத் தூசிக்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாக எழுதியிருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1902இலேயே விசாரணைக் குழு அமைத்தார்கள். அமெரிக்க அரசின் சுரங்கத் துறையே 1914-15இல் மிசௌரி மாநிலம் ஜாப்ளினில் ஆய்வு நடத்தி, தூசிக்கும் நுரையீரல் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

தடுக்கும் வழியும் தெரியும். துளையிடும் இயந்திரத்தின் முனையில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி சேறாகிக் கீழே விழும். இதற்கு ‘ஈரத் துளையிடல்’ என்று பெயர். காற்றுப் போக்குவரத்து சரியாக இருக்க வேண்டும். வெடி வைத்த பிறகு தூசி அடங்கும்வரை ஆளை உள்ளே விடக்கூடாது. கடைசியாக, முகத்துக்கு வடிகட்டிக் கவசம்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். இன்றைக்கும் தொழில்சார் பாதுகாப்புப் பாடத்தில் இதே வரிசைதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் செய், அல்லது அது பிறக்கும் இடத்திலேயே அடக்கு. பிறகு வேலை முறையை மாற்று. தொழிலாளியின் உடம்பில் மாட்டும் கவசம் கடைசி. காரணம் எளிது. முதல் இரண்டும் முதலாளியின் செலவு, முதலாளியின் பொறுப்பு. கவசம் மட்டும் என்றால் பழி தொழிலாளி மேல் போய்விடும்: ‘கொடுத்தோம், அவன்தான் போடவில்லை.’

ஹாக்ஸ் நெஸ்டில் முதல் படியும் இல்லை, கடைசிப் படியும் இல்லை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேகம் குறையும் என்று உலர்வாகவே துளைத்தார்கள் எனத் தொழிலாளர்கள் சாட்சி சொன்னார்கள். தொழிலாளிகளுக்கு முகக்கவசம் கிடையாது. பார்வையிட வந்த கம்பெனி ஆட்களோ கவசம் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்றும் அதே சாட்சியங்கள் சொல்கின்றன. ஆபத்து தெரியாமல் யாரும் கவசம் மாட்டிக்கொண்டு வருவதில்லை.

மாநிலச் சுரங்கத் துறைத் தலைவர் வேலை நடக்கும்போதே வந்து பார்த்தார். கவசம் கொடுக்கச் சொல்லி எழுதினார். பிறகு வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது அதே அதிகாரி, தூசி ஒன்றும் பெரிதாக இல்லை என்று சாட்சி சொன்னார்.

சாவுக்கு வைத்த பெயர்

ஆட்கள் விழத் தொடங்கியதும் கம்பெனி மருத்துவர்கள் நிமோனியா என்றார்கள், காசநோய் என்றார்கள். ‘டன்னலைட்டிஸ்’ என்று புதிதாக ஒரு பெயரையும் கண்டுபிடித்தார்கள். சுரங்கக் காய்ச்சல் என்பது போல. சிலிக்கோசிஸ் என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. எழுதினால் அது வேலையால் வந்த நோயாகிவிடும். இறப்புச் சான்றிதழில் ஒரு சொல்லை மாற்றினால் கொலை நோயாக மாறிவிடுகிறது.

பிணங்களை என்ன செய்வது? வெள்ளையரின் இடுகாட்டில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. தள்ளி இருந்த சம்மர்ஸ்வில் என்ற ஊரில், பிணம் அடக்கம் செய்யும் தொழில் நடத்திய ஒருவர், தன் குடும்பத்துக்குச் சொந்தமான சோள வயலில் தொழிலாளர்களைப் புதைத்தார். கம்பெனி பிணத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. கல் இல்லை, பெயர் இல்லை. 1972இல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அவற்றை எடுத்து ஒரு ஆற்றங்கரையில் மறுபடி புதைத்தார்கள். அங்கே ஒரு முறையான நினைவிடம் அமைய 2012 வரை ஆனது.

செத்த பிறகும் தனி இடம். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார வேண்டியிருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எழுந்து நின்று சொன்னவர்கள்

இந்தக் கதை வெளியே வந்ததற்குச் சிலரின் பிடிவாதம்தான் காரணம். எம்மா ஜோன்ஸ் என்ற வெள்ளையின உழைக்கும் குடும்பத்துப் பெண், தன் மூன்று மகன்களை இந்தச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்தவர். கணவரும் நோயாளியானார். கடைசி மகனுக்கு வயது 18. தான் இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லுமாறு அவன் தாயிடம் கேட்டுக்கொண்டான். எக்ஸ்ரே எடுக்கப் பணமில்லாமல் அந்தத் தாய் வழியில் போவோரிடம் கை நீட்டினார். அந்த எக்ஸ்ரேதான் பின்னால் வந்த வழக்குகளுக்கு வழி திறந்தது.

இன்னொருவர் ஜார்ஜ் ராபிசன், கறுப்பினத் தொழிலாளி. வனெட்டா என்ற குடியிருப்பில் நோயுற்ற தொழிலாளர்களைச் சேர்த்துக் குழு அமைத்தவர். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக் குழு விசாரித்தபோது போய்ச் சாட்சி சொன்னார். சுரங்கத்திலிருந்து காலையில் வெளியே வரும்போது தன் கறுத்த முகத்துக்கும் பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரர் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அவ்வளவு வெள்ளைத் தூசி என்றார். அதே நோய்க்கு அவரும் பலியானார்.

அந்த ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். தூசி எல்லோர் முகத்தையும் ஒரே நிறமாக்கியது. கூலி, கொட்டகை, கல்லறை, இழப்பீடு எதிலும் அந்தச் சமத்துவம் வரவில்லை. நூற்றுக்கணக்கான வழக்குகள் போடப்பட்டன. 1933இல் முதல் வழக்கில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போக, வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. தொகை 30 டாலரிலிருந்து 1,600 டாலர் வரை. கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிடக் குறைவு. கிடைத்ததில் பெரும் பங்கு வழக்கறிஞர் கட்டணமாகப் போயிற்று. 1935இல் மாநிலம் சிலிக்கோசிஸுக்கு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வரக் காரணமான சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது உதவவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? கம்பெனி ஒப்புக்கொண்டது 109. நாடாளுமன்ற விசாரணையில் வந்த எண் 476. அரை நூற்றாண்டு கழித்து, 1986இல் மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் வேலைப் பதிவுகளையும் அந்தப் பகுதி இறப்புப் பதிவுகளையும் வைத்துக் கணக்கிட்டுச் சொன்னது 764. அதில் மிகப் பெரும்பான்மை கறுப்பினத்தவர். நோயோடு தெற்குக்கு ரயில் ஏறிப்போய்ச் சொந்த ஊரில் செத்தவர்களை யாரும் பின்தொடர்ந்து எண்ணவில்லை. அதனால் எல்லா எண்ணும் மதிப்பீடே. எண்ணாமல் விடுவதும் ஒரு நிர்வாக முறைதான் தோழர்களே.

1936இல் அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் தேசிய சிலிக்கோசிஸ் மாநாட்டைக் கூட்டினார். ஆனாலும் தொழிலாளர் பாதுகாப்புக்கான தேசியச் சட்டம் வர 1970 ஆயிற்று. காற்றில் சிலிக்கா ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற இன்றைய வரம்பு அங்கே வந்தது 2016இல். சாட்சியத்துக்கும் அந்த வரம்புக்கும் இடையே 80 ஆண்டுகள்.

அதே பெயர், அதே ஆண்டு

அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்கிறேன் என்றேன். நியூ கனாவா பவர் கம்பெனியின் உரிமையாளர் யூனியன் கார்பைட். ஆம், 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கக்கிய அதே யூனியன் கார்பைட். அங்கேயும் ஒரு துணை நிறுவனம். அங்கேயும் ஏழைகளின் குடிசைப் பகுதி பக்கத்தில். அங்கேயும் முடிவுக்கு வராத இறப்பு எண்ணிக்கை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. வாஷிங்டனில் ஜார்ஜ் ராபிசன் சாட்சி சொன்ன அதே 1936இல்தான் அண்ணல் அம்பேத்கர் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையைத் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் இல்லை, வேலையாட்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பது என்று அதில் விளக்கினார். ஹாக்ஸ் நெஸ்டை அந்த வாதத்தோடு வைத்துப் படியுங்கள். துளையிடுவது ஒரு வேலை. அதை யார் தலையில் கட்டுவது, யார் செத்தால் கேள்வி வராது என்பது பிறப்பை வைத்து முன்பே முடிவான ஒன்று. பாதுகாப்புக்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நம் மக்களும் இந்தத் தூசியைக் குடித்தவர்கள்தான். கோலார் தங்க வயலில் பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ் தலித் மக்கள். இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலாகப் பதிவானதும் அங்கேதான், 1934இல். காலி பிரிட்ஜில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

சட்டம் இருக்கிறது, பிறகு?

கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்தியாவில் 1996இல் தனிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் அதற்கும் முன்பே, 1982இல். இரண்டும் சங்கங்கள் போராடிப் பெற்றவை. 1996 சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் தரப்பும் இருக்க வேண்டும், பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. அதற்கெல்லாம் வெகு முன்பே வந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இருந்தது. சட்டம் காகிதத்தில் இருந்த அதே காலத்தில்தான் 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் கிராமங்களிலிருந்தும் வந்த கூலிகள்.

மற்றொரு பக்கம், ராஜஸ்தானில் கல்குவாரித் தொழிலாளர்களும் அவர்களின் விதவைகளும் ஆண்டுக்கணக்கில் போராடி 2019இல் சிலிக்கோசிஸுக்கென்றே ஒரு மாநிலக் கொள்கையைக் கொண்டுவர வைத்தார்கள். அவர்கள் முதலில் வென்றது என்ன தெரியுமா? நோய்க்கு அதன் சரியான பெயரை அரசு மருத்துவரைக் கொண்டு எழுத வைத்ததை.

அதனால் விபத்து நடந்த இடத்துக்கு உண்மையறியும் குழுவாகப் போகும் மாணவத் தோழர்களுக்கு ஹாக்ஸ் நெஸ்டிலிருந்து நான் எடுத்துச் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, ஏணியின் எல்லாப் படிகளையும் எழுதுங்கள். மேஸ்திரியின் பெயரோடு நிறுத்தாமல், ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனம் அல்லது அரசுத் துறை வரை போங்கள்.

இரண்டு, கவசம் கொடுத்தார்களா என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் ஆபத்தை அடக்க என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். தண்ணீர் பாய்ச்சினார்களா? சாரம் சரிபார்க்கப்பட்டதா? பள்ளத்துக்கு முட்டுக் கொடுத்தார்களா? பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் தொழிலாளர் சார்பில் யார் உட்கார்ந்தார்?

மூன்று, சாவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘மாரடைப்பு’, ‘நெஞ்சுச் சளி’, ‘தவறி விழுந்தார்’ என்ற சொற்களை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். அந்தப் பதினெட்டு வயதுப் பையன் தன் தாயிடம் கேட்டதும் அதைத்தான்.

நான்கு, பெயரை எழுதுங்கள். சொந்த ஊர், சமூகம், எத்தனை நாள் வேலை, என்ன கூலி, எல்லாம். நம் விபத்துப் புள்ளிவிவரங்களில் இறந்தவர் எந்தச் சமூகம் என்று பார்க்க வழியில்லை. மலக்குழி மரணங்களில் யார் சாகிறார்கள் என்பதை அரசு சொல்லி நாம் தெரிந்துகொள்ளவில்லை. நம் தோழர்கள் ஊர் ஊராகப் போய் எண்ணி எழுதியதால்தான் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டுமானச் சாவுகளுக்கும் அந்தக் கணக்கை நாம்தான் எழுத வேண்டியிருக்கும்.

காலி மலைக்குள் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, மின்சாரம் வருகிறது. சம்மர்ஸ்வில் வயலில் இருந்தவர்கள் நாற்பது ஆண்டுகள் சோளத்துக்குக் கீழே கிடந்தார்கள், பெயரில்லாமல். நம் பாலங்களுக்கும் மெட்ரோ பாதைகளுக்கும் கீழே அப்படி யாரும் கிடக்கக் கூடாது என்றால், அடுத்த விபத்துச் செய்தி வரும்போது ‘வடமாநிலத் தொழிலாளி ஒருவர் பலி’ என்ற ஒரு வரியோடு பக்கத்தைத் திருப்பாதீர்கள். அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

ஜெய்பீம்.